மவுஸும் கேம்பேடும்: ஒரு பிணக்கின் வரலாறு

கணினி விளையாட்டுகளில் கேம்பேடும் மவுஸும் ஒருசேர இயங்க மறுப்பது இன்று நேற்றுத் தோன்றிய கோளாறு அன்று. நடப்பதற்குக் கேம்பேடின் ஸ்டிக்கையும் குறிபார்ப்பதற்கு மவுஸையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முற்படுபவரின் திரையில், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டும் சிறுபடம் விசைப்பலகை எழுத்துக்கும் கேம்பேட் பொத்தானுக்கும் இடையே மாறிமாறித் துடிப்பதும், பார்வை விட்டுவிட்டு நகர்வதும், ஸ்டிக் சாய்ந்திருக்கும்வரை மவுஸ் அறவே செயலற்றுப்போவதும் இன்று காணப்படும் அறிகுறிகள். அவற்றின் வேர் 1981 வரை நீள்கிறது. கருவியில் பழுது அல்லது டிரைவரில் பழுது என்றே பயனர்கள் பெரும்பாலும் இதைக் கருதி வந்துள்ளனர். ஆனால் இவ்விரு கருவிகளும் வெவ்வேறு வகையான அளவைக் கணினிக்குத் தெரிவிப்பவை. அந்த வேறுபாட்டை ஒவ்வொரு தலைமுறை மென்பொருளும் தீர்க்காமல் அடுத்த தலைமுறையின் தலையில் கட்டிவிட்டதே இந்தப் பிணக்கின் வரலாறு.

மைக்ரோசாஃப்ட் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மவுஸ் முதல் இன்றைய ஒளியுணர் மவுஸ் வரை, மேசைமீது தான் எங்கே இருக்கிறது என்பதை மவுஸ் சொல்வதில்லை. கடைசியாகத் தகவல் அனுப்பிய பிறகு எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த நகர்வின் அலகுக்கு, டிஸ்னியின் எலியை நினைவூட்டும் வகையில், நிரலாளர்கள் மிக்கி என்று பெயரிட்டது தொழிலுக்குள் வழங்கிய வேடிக்கைகளில் ஒன்று. ஜாய்ஸ்டிக்கும் அதன் வாரிசான கேம்பேட் ஸ்டிக்கும் இதற்கு நேர்மாறானவை: நடுநிலையிலிருந்து இந்தக் கணத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்ற நிலையை அவை தெரிவிக்க, விளையாட்டு அந்தச் சாய்வை வேகமாக எடுத்துக்கொள்கிறது. மவுஸை வலப்புறம் நகர்த்தி நிறுத்தினால் பார்வையும் திரும்பி நின்றுவிடும். ஸ்டிக்கை வலப்புறம் சாய்த்துப் பிடித்தால், விடும்வரை பார்வை சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்று தூரத்தையும் மற்றொன்று வேகத்தையும் தருவதால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க ஒரு மாற்று விதி தேவைப்படுகிறது. அந்த விதியை யார் எழுத வேண்டும் என்பது நெடுங்காலம் தீர்மானிக்கப்படவே இல்லை.

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தனிநபர் கணினியில் விளையாட்டுக் கருவிகளுக்கென்று இணைப்பு எதுவும் இருக்கவில்லை. தனியே காசு கொடுத்து வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டிய விரிவாக்க அட்டையாகவே கேம் போர்ட் வந்தது. 15 ஊசிகள் கொண்ட அந்த இணைப்பில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளைப் பூட்டலாம். நான்கு அச்சுகள், நான்கு பொத்தான்கள் என்பதே அதன் எல்லை. சாய்வை நேரடியாக எண்ணாக மாற்றித் தரும் சில்லு எதுவும் அந்த அட்டையில் கிடையாது. ஜாய்ஸ்டிக்கின் உள்ளே, சாய்வுக்கேற்ப அளவு மாறும் மின்தடை ஒன்று உண்டு. பதினறும எண்முறையில் 201 என்ற முகவரிக்கு நிரல் எதையேனும் எழுதியவுடன் அட்டையிலுள்ள மின்தேக்கி அந்தத் தடையின் வழியே மின்னேற்றம் பெறத் தொடங்கும். அது நிரம்பும்வரை அந்த அச்சுக்குரிய பிட் 1 ஆக நிற்க, அது 0 ஆகும் வரை எத்தனை சுற்று ஓடியது என்று மையச்செயலி வேறு வேலை பாராமல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் குடம் நிரம்பும் நேரத்தைக் கொண்டு கணிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ 24 மைக்ரோநொடி முதல் 1.1 மில்லிநொடி வரை நீளும்.

இந்தச் சிக்கன வடிவமைப்பு இரண்டு தொல்லைகளை விட்டுச்சென்றது. வேகமான கணினியில் அதே சாய்வுக்கு அதிகச் சுற்றுகள் ஓடும் என்பதால், ஒவ்வொரு விளையாட்டும் தொடங்கும்போது ஜாய்ஸ்டிக்கை இடமேல் மூலைக்கும் வலக்கீழ் மூலைக்கும் தள்ளி அளவைச் சரிசெய்யும்படி ஆட்டக்காரரைக் கேட்க நேர்ந்தது முதலாவது. இரண்டாவது, மவுஸுடன் நேர்ந்த முதல் நேரடி மோதல். மவுஸ் நகரும்போதெல்லாம் அது இன்டரப்ட் என்னும் குறுக்கீட்டுச் சமிக்ஞையை எழுப்பும். செயலி தன் கைவேலையை நிறுத்திவிட்டு மவுஸின் தகவலை வாங்கிவைத்த பிறகே மீண்டும் எண்ணத் தொடங்கும். அதற்குள் மின்தேக்கி நிரம்பிக்கொண்டே போவதால் எண்ணிக்கை குறைந்துவிடும். ஜாய்ஸ்டிக் அசையாமல் இருந்தும் ஒரு கணம் இடப்புறமோ மேற்புறமோ துள்ளியதாக விளையாட்டு கருதும். ஆகவே விவரமறிந்த நிரலாளர்கள் ஜாய்ஸ்டிக்கைப் படிக்கும் அந்த ஒரு மில்லிநொடிக்கு எல்லாக் குறுக்கீடுகளையும் தடைசெய்தனர். ஒரு கருவி பேசும்போது மற்றொன்றின் வாயை அடைப்பது என்ற தீர்வு இவ்வாறு தொடக்கத்திலேயே இடம்பிடித்தது. நொடிக்குச் சுமார் 40 முறை மட்டுமே தகவல் அனுப்பிய அக்கால மவுஸுக்கு இந்தத் தாமதத்தால் பெரிய இழப்பு இல்லை என்பதால் அதை எவரும் குறையாகக் கருதவுமில்லை.

டாஸ் இயங்குதளக் காலத்தில் பிணக்கு பெரும்பாலும் கம்பிகளின் மட்டத்தில்தான் நிகழ்ந்தது. காம்1, காம்3 என்னும் இரு தொடர் இணைப்புகளும் நான்காம் எண் குறுக்கீட்டுத் தடத்தையே பகிர்ந்துகொண்டதால், முதல் இணைப்பில் மவுஸும் மூன்றாம் இணைப்பில் மோடமும் இருந்தால் ஒன்று விழிக்கும்போது மற்றொன்று உறைந்துபோயிற்று. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் அறிமுகப்படுத்திய வட்டவடிவ மவுஸ் இணைப்புக்குப் 12ஆம் எண் தடம் தனியே ஒதுக்கப்பட்டதால் அந்தச் சிக்கல் மெல்ல மறைந்தது. கேம் போர்ட்டின் நிலை வேறு. 1989இல் வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையில் கேம் போர்ட்டும் உள்ளடங்கியிருந்தது. வட்டு இயக்கிகளைக் கட்டுப்படுத்தும் பல்நோக்கு அட்டையிலும் இன்னொன்று இருப்பது வழக்கம். இரண்டும் 201 என்ற அதே முகவரியில் ஒரே சமயத்தில் பதில் சொல்ல, ஜாய்ஸ்டிக் தாறுமாறாக அலைந்தது. பெட்டியைத் திறந்து, அட்டையின் மூலையில் விரல்நகத்தில் பாதி அளவே உள்ள ஜம்பர் என்னும் இணைப்புத் துண்டைப் பிடுங்கி, ஒரு போர்ட்டைச் செயலிழக்கச் செய்வதே மருந்து. அக்காலக் கணினிப் பழுதுநீக்குநர்களுக்கு இது நித்தியப் பணி.

மவுஸையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒன்றாகப் பயன்படுத்த வேண்டிய தேவை அப்போது பெரிதாக எழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விமானப் பாவனை விளையாட்டுகள் ஜாய்ஸ்டிக்கையும், வியூக விளையாட்டுகளும் சாகச விளையாட்டுகளும் மவுஸையும் கொண்டு ஆடப்பட்டன. 1993 டிசம்பரில் வெளியான டூம் விளையாட்டைக் கூடப் பலர் விசைப்பலகையால் மட்டுமே ஆடினர். 1996இல் வந்த குவேக்தான் நிலைமையைப் புரட்டியது. மேலும் கீழும் பார்க்க வேண்டிய முப்பரிமாண உலகில், இடக்கை விசைப்பலகையிலும் வலக்கை மவுஸிலும் இருக்கும் முறை வெற்றிபெற்றது. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளில் இடக்கை விரல்களை வைக்கும் வழக்கம் பரவியதற்கு, 1997இல் குவேக் போட்டியொன்றில் வென்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்ற டெனிஸ் ஃபாங்கின் புகழும் ஒரு காரணம். குறிபார்க்கும் விளையாட்டுகளில் கேம்பேட் தொலைக்காட்சியுடன் இணையும் கன்சோல்களின் உடைமையாயிற்று. விசைகளால் நடப்பதில் ஒரு குறை அப்போதே தெரிந்திருந்தது: விசைக்கு அழுத்தியது, அழுத்தாதது என இரண்டு நிலைகளே உண்டு, ஆகவே மெல்ல நடப்பதும் விரைந்து நடப்பதும் இடைப்பட்ட வேகங்களும் ஸ்டிக்குக்கு மட்டுமே கைவரும். பிற்காலத்தில் இரண்டையும் கலந்து ஆடும் ஆசைக்கு இந்தக் குறையே விதை.

விண்டோஸ் 95க்குப் பின், 1995 செப்டம்பரில் வெளிவந்த டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் அங்கமான டைரக்ட்இன்புட், எல்லா விளையாட்டுக் கருவிகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முயன்றது. மறு ஆண்டு தரப்படுத்தப்பட்ட யூஎஸ்பி, கம்பிகளின் சண்டையை அடியோடு ஒழித்தது. ஒவ்வொரு கருவியும் தன்னிடம் எத்தனை அச்சு, எத்தனை பொத்தான் என்பதைத் தானே அறிமுகம் செய்துகொண்டது. ஆனால் பிணக்கு ஒழியவில்லை. ஒரு மாடி ஏறி மென்பொருளுக்குள் குடிபுகுந்தது. டைரக்ட்இன்புட்டில் ஒரு விளையாட்டு மவுஸைத் தனியுரிமையுடன் கைப்பற்றிக்கொள்ளலாம்; அவ்வாறு கைப்பற்றினால் விண்டோஸின் அம்புக்குறி மறைந்து, பிற நிரல்களுக்கு மவுஸ் செய்திகள் போவது நின்றுவிடும். கேம்பேடைப் பொறுத்தவரை நேர்ந்ததோ எதிர்த்திசைச் சங்கடம். கணினியில் செருகியிருக்கும் எந்தக் கருவியின் எந்த அச்சு எதைக் குறிக்கிறது என்று விளையாட்டுக்குத் தெரியாது. விமான ஆட்டத்துக்கென வாங்கிய கால்மிதியோ உந்துகைப்பிடியோ ஒரு முனையில் ஓய்ந்து கிடந்தால்கூட, வலது ஸ்டிக் முழுதும் சாய்ந்திருப்பதாக எண்ணிப் பார்வையைச் சுழற்றிக்கொண்டே இருந்த விளையாட்டுகள் பல. மவுஸை எவ்வளவு இழுத்தாலும் பார்வை வானத்தை நோக்கியே ஓடுகிறது என்ற புகாருக்கு இன்றும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மேசைக்கடியில் வேறு என்ன செருகியிருக்கிறது என்பதுதான். விண்டோஸின் இயக்கு பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று தட்டினால் திறக்கும் பட்டியல், மறந்துபோன அந்தக் கருவியை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை வெளியிட்டபோது அதன் கேம்பேடைக் கணினியிலும் செருக வழிசெய்து, எக்ஸ்இன்புட் என்ற புதிய இடைமுகத்தை உருவாக்கியது. இடது ஸ்டிக், வலது ஸ்டிக், இரண்டு விசைவில்கள், பெயரிடப்பட்ட பொத்தான்கள் என எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டதால் அச்சுக் குழப்பம் தீர்ந்தது. பழைய டைரக்ட்இன்புட் வழியே அதே கேம்பேடைப் படித்த விளையாட்டுகளுக்கு இரு விசைவில்களும் ஒரே அச்சின் இரு முனைகளாகத் தெரிந்தன. ஓய்வில் எந்த அச்சும் நடுவில் நிற்கும் என்று எதிர்பார்த்த பழைய விளையாட்டுகள் தடுமாறக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட சமரசம் அது. விளைவாக, இரண்டையும் ஒருசேர அழுத்தினால் ஒன்றை ஒன்று அழித்து, எதையுமே அழுத்தாததுபோல் ஆயிற்று.

எக்ஸ்இன்புட் கேம்பேடைப் பற்றி மட்டுமே பேசியது. மவுஸை அது அறியாது. ஆகவே இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது என்ற முடிவு ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது; கன்சோலுக்கென உருவாக்கிப் பின்னர் கணினிக்குக் கொண்டுவரப்பட்ட விளையாட்டுகள் பெருகிய அந்தப் பத்தாண்டில், பெரும்பாலோர் ஒரே விடையைக் கண்டனர்: கடைசியாக எந்தக் கருவி அசைந்ததோ அதுவே ஆட்டக்காரரின் கருவி. திரைக்குறிப்பு, பட்டியலின் வடிவம், அம்புக்குறி தெரிவதும் மறைவதும், ஸ்டிக்கால் குறிபார்ப்பவருக்கு விளையாட்டே கைகொடுக்கும் குறி உதவி எல்லாமே அந்த ஒற்றைத் தீர்மானத்தோடு பிணைக்கப்பட்டன. மனிதர் ஒரு வேளையில் ஒரு கருவியைத்தான் தொடுவார் என்ற எடுகோள் இதன் அடித்தளம். அந்த எடுகோள் பொய்த்த கணத்தில், மவுஸ் ஒரு தகவலையும் ஸ்டிக் ஒரு தகவலையும் மாறிமாறி அனுப்ப, விளையாட்டு நொடிக்குப் பலமுறை தன் முடிவை மாற்றிக்கொண்டு படங்களைத் துடிக்கவைக்கிறது. ஆட்டக்காரர் கேம்பேடைத் தொடாமலே கூட இது நேரும். ஸ்டிக் கைவிட்ட பின்னும் சரியாக நடுவுக்குத் திரும்புவதில்லை என்பதால், அந்தச் சிறு விலகலைப் புறக்கணிக்கச் செயலற்ற வட்டம் ஒன்று வரையப்படுகிறது. ஸ்டிக்கின் முழு வீச்சு 32,767 எனில், இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689 என்று மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது. கால் பங்கு என்பது தாராளமான ஒதுக்கீடே. ஆனால் கருவி மாறிவிட்டதா என்று சோதிக்கும் வரியில் இந்த வட்டத்தைப் பயன்படுத்த மறந்த நிரல்களில், தேய்ந்துபோன ஸ்டிக் ஒன்று மேசைமீது சும்மா கிடந்தபடியே மவுஸ்காரரின் ஆட்டத்தைக் குலைத்துவிடும்.

இன்னும் ஆழத்தில், தூரத்துக்கும் வேகத்துக்கும் இடையிலான பழைய வேறுபாடு நிரலாளர்களின் கணக்குப் பிழையாகவும் வெளிப்பட்டது. ஸ்டிக்கின் சாய்வு வேகம் என்பதால் அதை ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தால் பெருக்கியே சுழற்சியாக மாற்ற வேண்டும். மவுஸின் எண்ணோ அந்த இடைவேளையில் கடந்த தூரமாகவே வருவதால் அதை நேரத்தால் பெருக்கக் கூடாது. விளையாட்டுகளை உருவாக்க உதவும் யூனிட்டி போன்ற மென்பொருள்களைக் கற்றுக்கொண்டவர்களில் பலர் இரண்டையும் ஒரே மாறியில் கூட்டி, மொத்தத்தையும் நேரத்தால் பெருக்கிவிட்டனர். நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும்போது மவுஸுக்கு ஒரு வேகமும், திரை நெரிசலாகி 30 சட்டங்களாகக் குறையும்போது அதே கையசைவுக்கு இரு மடங்கு சுழற்சியும் கிடைத்தது. கன்சோலிலிருந்து வந்த வேறு சில விளையாட்டுகள் மவுஸின் நகர்வை ஸ்டிக்கின் சாய்வாகப் பாவித்து உள்ளே அனுப்பின. அவற்றில் மெல்ல நகர்த்தினால் செயலற்ற வட்டத்துக்குள் அகப்பட்டுப் பார்வை அசையாது, வேகமாக நகர்த்தினாலோ ஸ்டிக்கின் உச்ச வேகத்துக்கு மேல் திரும்பாது. 2012இல் கணினிக்கு வந்த டார்க் சோல்ஸ் மவுஸ் இயக்கத்துக்காக மிகவும் குறைகூறப்பட்ட ஒன்று. அதை ஆடத்தக்கதாக்கியவை விசிறிகள் எழுதிய இணைப்பு நிரல்கள்.

இரு கருவிகளையும் கலப்பது சிலரின் விசித்திர ஆசை என்ற நிலை 2015 நவம்பரில் மாறியது. வால்வ் நிறுவனம் அப்போது விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் கன்ட்ரோலரில் வலது ஸ்டிக் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தொடுதிண்டு இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் வழுக்கும்போது கணினிக்கு அது மவுஸாகவும், இடது ஸ்டிக் கேம்பேடாகவும் தெரியும்படி அமைத்துக்கொள்ள முடிந்தது. கருவியின் உள்ளே இருந்த சுழலுணரி, அதாவது கை திரும்பும் வேகத்தை அளக்கும் சிறு சில்லு, நுண்ணிய குறிபார்த்தலை மவுஸ் நகர்வாக அனுப்பியது. ஆக, ஒரே கருவியைப் பிடித்திருக்கும் ஒருவரே மவுஸும் கேம்பேடும் ஆனார். கடைசியாக அசைந்த கருவிக்கே உரிமை என்ற விதியை நம்பிய விளையாட்டுகள் அனைத்தும் அந்தக் கையில் தத்தளித்தன. இரு வகை உள்ளீடுகளையும் ஒருசேர ஏற்குமாறு வால்வ் தன் வழிகாட்டுதலில் விளையாட்டு உருவாக்குநர்களைக் கேட்டுக்கொண்டது. பலர் செவிசாய்க்கவில்லை. 2019இல் அந்தக் கருவியின் உற்பத்தி நின்றது. எனினும் 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கைக்கணினி தொடுதிண்டையும் சுழலுணரியையும் மீண்டும் கொண்டுவந்ததால் பழைய கேள்வி புதிய கூட்டத்தோடு திரும்பியது.

இதே காலத்தில் பரவிய மற்றொரு கோளாறு இரட்டை உள்ளீடு. சோனியின் கேம்பேடை எக்ஸ்பாக்ஸ் கேம்பேடாக வேடமிடச் செய்யும் டிஎஸ்4விண்டோஸ் போன்ற நிரல்கள் இயங்கும்போது, விளையாட்டின் கண்ணுக்கு உண்மைக் கருவி ஒன்றும் வேடமிட்டது ஒன்றுமாக இரண்டு தெரியும்; ஒருமுறை பொத்தானை அழுத்தினால் பட்டியலில் தேர்வு இரண்டு வரி தாவுவது இதன் அடையாளம். கேம்பேடை மவுஸாக மாற்றும் நிரலிலும் இதே கதைதான்: ஸ்டிக் மவுஸாகவும் போய், ஸ்டிக்காகவும் போய், பார்வையை இருமுறை தள்ளும். உண்மைக் கருவியை விளையாட்டிடமிருந்து மறைக்கும் ஹிட்ஹைடு என்னும் வடிகட்டி இதற்கென்றே எழுதப்பட்டது. வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீம் வழியே தொடங்கும் விளையாட்டாயின், இதேபோல் கேம்பேடை வேடமிடச் செய்யும் அதன் ஸ்டீம் இன்புட் வசதியை அந்த விளையாட்டுக்கு மட்டும் அணைத்துப் பார்ப்பது முதல் சோதனை. விளையாட்டு தானே சோனி கேம்பேடை அறிந்துகொள்ளக்கூடியதாக இருந்து, ஸ்டீமும் வேடமிட்டுக்கொண்டிருந்தால், இரண்டில் ஒன்று விலகியே ஆக வேண்டும். அவ்வாறு அணைத்த பின்னும் படங்கள் துடித்தால் குற்றம் விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. அப்போது கேம்பேடின் நடைப்பகுதியை மட்டும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளாக மாற்றிவிடுவதே பயனருக்கு எஞ்சும் வழி. துடிப்பு நிற்கும்; ஆனால் மெல்ல நடக்கும் வசதிக்காகத்தான் ஸ்டிக்கையே நாடினோம் என்பதால் இது கால்வலிக்குக் காலையே வெட்டும் வைத்தியம்.

இரு உள்ளீடுகளையும் ஒருசேர ஏற்க மறுக்கும் உருவாக்குநர்களின் பிடிவாதத்துக்கு அலட்சியம் மட்டுமே காரணமன்று. கன்சோல் விளையாட்டுகளில், எதிரியின்மேல் குறி நெருங்கும்போது பார்வையின் சுழற்சியைத் தணித்து மெல்ல இழுத்துப் பிடிக்கும் குறி உதவி ஸ்டிக்கின் இயல்பான கரட்டுத்தன்மையை ஈடுசெய்ய உருவானது. மவுஸின் துல்லியத்தோடு அந்த உதவியும் சேர்ந்தால் எதிராளிக்கு அது அநீதி. மவுஸைக் கேம்பேடாக வேடமிடச் செய்யும் எக்ஸ்ஐஎம் வகைக் கருவிகள் கன்சோல்களில் இந்தக் கூட்டையே விற்றன. யூபிசாஃப்ட் தன் ரெயின்போ சிக்ஸ் சீஜ் விளையாட்டில் 2023இல் அறிமுகப்படுத்திய மவுஸ்டிராப் என்னும் ஏற்பாடு, அப்படி ஆடுபவரைக் கண்டறிந்து அவருடைய உள்ளீட்டைத் தாமதப்படுத்தியது. இந்த அச்சத்தால் கணினி விளையாட்டுகளிலும் சிலர் கலப்பு உள்ளீட்டையே மொத்தமாகப் பூட்டினர். தேவையற்ற கடுமை அது. மவுஸோ சுழலுணரியோ பார்வையை நகர்த்தும் கணத்தில் குறி உதவியை மட்டும் விலக்கி, ஸ்டிக்கின் நடையை விட்டுவைத்தால் நியாயமும் கெடாது, ஆட்டமும் தடைபடாது. திரைக்குறிப்பை எந்தக் கருவியின்படி காட்டுவது என்பதை ஆட்டக்காரரே நிலையாகத் தேர்ந்துகொள்ள அமைப்புகளில் ஒரு வரி சேர்த்தால் துடிப்பும் நின்றுவிடும். இவ்விரண்டையும் செய்துள்ள விளையாட்டுகள் எண்ணிக்கையில் குறைவே.

நிண்டெண்டோ 2025 ஜூனில் வெளியிட்ட ஸ்விட்ச் 2 கன்சோலின் ஜாய்கான் கைப்பிடியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மேசைமீது நகர்த்தினால் அது மவுஸாகிறது. தூக்கிப் பிடித்தால் மீண்டும் கேம்பேட். இடக்கை ஸ்டிக்கில் நடக்க, வலக்கை மவுஸில் குறிபார்க்கும் அந்தக் கலப்பு இவ்வாறு ஒரு கன்சோலின் பெட்டிக்குள்ளேயே வந்துசேர்ந்தது.